சிறு வானூர்திக் கொட்டகை

சிறு வானூர்திக் கொட்டகை என்பது, ஒற்றைப் பொறி கொண்ட சிறிய வானூர்தியை வெயில், மழை, காற்று ஆகியவற்றிலிருந்து காத்து நிறுத்தி வைப்பதற்காகக் கட்டப்படும் கட்டிடம் ஆகும். பெரிய வானூர்தி நிலையங்களில் உள்ள பராமரிப்புக் கூடங்களும் இதே வகையைச் சேர்ந்தவையே. ஆயினும் ஒரு தனிமனிதரோ ஒரு பறப்புக் கழகமோ கட்டிக்கொள்ளும் சிறு கொட்டகைக்கு அளவு, செலவு, இடம் ஆகியவற்றில் தனிச் சிக்கல்கள் உள்ளன. மரத்தாலும் துணியாலும் ஆன பழைய வானூர்திகளுக்குக் கொட்டகை ஒரு வசதி மட்டும் அன்று. அவை எத்தனை ஆண்டுகள் நிலைத்திருக்கும் என்பதை அதுவே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

இக்கட்டுரை இவ்வகைக் கொட்டகையின் வரலாறு, அளவு, கட்டுமானம் ஆகியவற்றை விளக்குகிறது. தமிழ்நாட்டின் சேலம், நாமக்கல் மாவட்டச் சமவெளியின் தட்பவெப்பமும் தொழில்களும் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளன.

பெயர்

ஆங்கிலத்தில் வழங்கும் 'ஹாங்கர்' என்னும் சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. பிரெஞ்சில் அது வண்டி, வைக்கோல் முதலியவற்றை வைக்கும் கொட்டகையைக் குறித்தது. வீடுகளைச் சூழ்ந்த வேலி என்னும் பொருள் கொண்ட பழைய பிராங்கியச் சொல் ஒன்று இதன் மூலம் எனக் கருதப்படுகிறது. தமிழில் மாட்டுக் கொட்டகை, திரைப்படக் கொட்டகை என வழங்கும் 'கொட்டகை' என்ற சொல் இதற்கு நன்கு பொருந்துகிறது. வானூர்திக் கொட்டில், விமானக் கொட்டகை என்றும் இது அழைக்கப்படுகிறது.

வரலாறு

உலகில்

வானூர்தியின் வரலாறும் கொட்டகையின் வரலாறும் ஏறத்தாழ ஒன்றாகவே தொடங்குகின்றன. ரைட் சகோதரர்கள் அமெரிக்காவின் வட கரோலைனாவில் உள்ள கில் டெவில் குன்றுகளில் தங்கள் மிதவையூர்திகளையும் பின்னர் வானூர்தியையும் வைக்க மரக் கொட்டகைகளைக் கட்டினர். 1903 ஆம் ஆண்டு டிசம்பர் 17 ஆம் நாள் அவர்களது வானூர்தி நான்கு முறை பறந்தது. நான்காவது பறப்பு 59 வினாடி நீடித்து, 260 மீட்டர் தொலைவைக் கடந்தது. அதன்பின் வானூர்தி தரையில் நின்றுகொண்டிருந்தபோது பலத்த காற்று அதனைப் புரட்டிப் போட்டது. அது மீண்டும் ஒருபோதும் பறக்கவில்லை. பொறியால் இயங்கிப் பறந்த முதல் வானூர்தி, பறக்கும்போது அன்றித் தரையில் நிற்கும்போதே அழிவுக்கு உள்ளானது என்பது குறிப்பிடத்தக்கது.

இதற்குச் சற்று முன்னர் செருமனியில் செப்பெலின் வான்கப்பலுக்காகக் கான்ஸ்டன்ஸ் ஏரியில் மிதக்கும் கொட்டகை ஒன்று அமைக்கப்பட்டது. காற்றின் திசைக்கேற்ப அது திரும்பக் கூடியது. ஆகவே வான்கப்பலை வெளியே எடுக்கும்போது பக்கவாட்டுக் காற்று தாக்காது. முதலாவது செப்பெலின் 1900 ஆம் ஆண்டு சூலை 2 ஆம் நாள் இவ்வேரியின் மேல் பறந்தது.

தனியார் வீட்டில் வானூர்தி வைத்துக்கொள்ளும் வழக்கத்தை எளிதாக்கியது 1925 ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பறந்த டி ஹேவிலண்ட் டி.எச்.60 மாத் ஆகும். இதன் இறக்கைகளைப் பின்னோக்கி மடிக்கலாம். மடித்தபின் அகலம் ஏறத்தாழ 3 மீட்டர் மட்டுமே. எனவே சாதாரண வண்டிக் கொட்டகையிலேயே இதனை வைக்க முடிந்தது. மகிழுந்தின் பின்னால் கட்டி இழுத்துச் செல்லவும் முடிந்தது. இதன் வழிவந்த டைகர் மாத் பயிற்சி வானூர்திக்கு இறக்கை மடிக்கும் வசதி இல்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அமெரிக்காவில் வீடும் கொட்டகையும் ஓடுபாதையும் ஒன்றாக அமைந்த குடியிருப்புகள் தோன்றின. கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரில் 1946 ஆம் ஆண்டில் தொடங்கிய சியரா ஸ்கை பார்க் இவற்றுள் முதலாவதாகக் கருதப்படுகிறது. இங்கே வீட்டுக் கொட்டகையிலிருந்து வானூர்தியைத் தெரு வழியாகவே ஓடுபாதைக்குக் கொண்டு செல்லலாம்.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

சென்னையில் உணவு விடுதி நடத்திய ஜாகோமோ டி ஏஞ்சலிஸ் 1910 ஆம் ஆண்டில் தாமே வடிவமைத்த வானூர்தியைச் சிம்ப்சன் வண்டித் தொழிலகத்தின் உதவியுடன் கட்டிப் பறந்தார். குதிரை வண்டி கட்டும் பட்டறையே அதற்குத் தொழிற்கூடமாக அமைந்தது. 1930 ஆம் ஆண்டில் சென்னைப் பறப்புக் கழகம் தொடங்கப்பட்டது.

1932 ஆம் ஆண்டு அக்டோபர் 15 ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா ஒரு புஸ் மாத் வானூர்தியில் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக மும்பைக்கு அஞ்சல் கொண்டு வந்தார். நெவில் வின்சென்ட் அதனைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சென்றார். மும்பையின் ஜூஹு திடலில் அந்நிறுவனத்தின் இருப்பிடம் ஓலை வேய்ந்த மண் குடிசையே. கடலோரத்தில் இருந்த அத்திடல் மழைக்காலத்தில் நீரில் மூழ்கியதால் ஆண்டுதோறும் அந்த மாதங்களில் பணி புனேக்கு மாற்றப்பட்டது. கொட்டகைக்கு இடம் தேர்வதில் மழைநீர் வடிகால் எத்துணை முக்கியம் என்பதற்கு இது ஒரு தொடக்ககால எடுத்துக்காட்டு.

பிரித்தானியரின் ஆர்101 வான்கப்பலுக்காக 1920 களின் பிற்பகுதியில் கராச்சியில் மாபெரும் கொட்டகை ஒன்று கட்டப்பட்டது. 1930 அக்டோபர் 5 அன்று அக்கப்பல் இந்தியா நோக்கி வரும் வழியில் பிரான்சில் விழுந்து எரிந்தது. கொட்டகைக்குள் எந்த வான்கப்பலும் நுழையவே இல்லை.

விடுதலைக்குப் பின்னர் பெங்களூரின் இந்துஸ்தான் வானூர்தி நிறுவனம் வி. எம். காட்கே தலைமையில் எச்.டி.-2 பயிற்சி வானூர்தியை உருவாக்கியது. அது 1951 ஆம் ஆண்டில் பறந்தது. 1958 ஆம் ஆண்டில் துணி போர்த்திய புஷ்பக் வானூர்தி பறந்தது. பல மாநிலங்களின் பறப்புக் கழகங்களில் ஒரு தலைமுறை வானோடிகள் புஷ்பக்கில் பயின்றனர். இந்திய வான்படை தன்னிடம் இருந்த டைகர் மாத் ஒன்றைப் பிரித்தானியாவில் புதுப்பித்து, 2012 ஆம் ஆண்டு அக்டோபரில் இண்டன் தளத்தில் நடந்த வான்படை நாள் விழாவில் பறக்கவிட்டது.

பழைய வானூர்திக்குக் கொட்டகையின் தேவை

திறந்த வெளியில் நிற்கும் பழைய வானூர்தியை ஐந்து காரணிகள் கெடுக்கின்றன.

வெயில்: பழைய வானூர்திகளின் இறக்கையில் பருத்தி அல்லது லினன் துணி போர்த்தி, டோப் என்னும் மெருகு பூசப்பட்டிருக்கும். இக்காலத்தில் பாலியெஸ்டர் துணி பயன்படுகிறது. இரண்டையுமே சூரிய ஒளியின் புறஊதாக் கதிர்கள் நலிவுறச் செய்கின்றன. இதைத் தடுக்கவே துணியின் மேல் அலுமினியப் பொடி கலந்த வெள்ளி நிறப் பூச்சு இடப்படுகிறது. அப்பூச்சு வெடித்தபின் துணி விரைவில் வலுவிழக்கும்.

ஈரம்: டைகர் மாத்தின் உடல் உருக்குக் குழாய்களால் ஆனது, இறக்கைகள் மரத்தால் ஆனவை. பழைய வானூர்திகள் பலவற்றில் பால் புரதத்திலிருந்து செய்த கேசீன் பசை பயன்பட்டது. தொடர்ந்து ஈரம் பட்டால் இப்பசையில் பூஞ்சணம் பிடித்துப் பிணைப்பு விடும். வெளியிலிருந்து பார்த்தால் இக்குறை தெரியாது என்பதே இதன் ஆபத்து.

துரு: உருக்குக் குழாயின் உட்புறத்தில் நீர் தேங்கினால் குழாய் உள்ளிருந்தே அரிக்கப்படும். பறக்காமல் நிற்கும் பொறியின் உருளைகளிலும் ஈரக்காற்று துருவை உண்டாக்கும்.

உயிரினங்கள்: கரையான் மரச் சட்டங்களை அரிக்கும். எலி துணியையும் மின்கம்பி உறையையும் கடிக்கும். பறவைகள் பொறி மூடிக்குள்ளும் வால் பகுதியிலும் கூடு கட்டும். பறவை எச்சம் உலோகத்தை அரிக்கும்.

காற்று: இது ஏனைய நான்கையும் போல ஆண்டுக் கணக்கில் வேலை செய்வதன்று, சில நிமிடங்களில் செய்துவிடும். பைப்பர் ஜே-3 கப் வானூர்தி 550 கிலோகிராம் முழு எடையுடன் மணிக்கு ஏறத்தாழ 61 கி.மீ. வேகம் வரை காற்றில் தாங்கி நிற்கும். இறக்கையின் தூக்குவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், 347 கிலோகிராம் வெற்று எடை கொண்ட அதே வானூர்தியைத் தூக்க மணிக்கு ஏறத்தாழ 48 கி.மீ. காற்றே போதும். வால்சக்கரம் கொண்ட வானூர்தி தரையில் மூக்கை உயர்த்தியே நிற்பதால் எதிர்க்காற்றில் அதன் இறக்கை முன்னமே பறக்கும் கோணத்தில் இருக்கிறது. கோடை மழைக்கு முன்வரும் சூறைக்காற்று இவ்வேகத்தை எளிதில் தாண்டும்.

அளவு

கொட்டகையின் அளவை முதலில் முடிவு செய்வது இறக்கை வீச்சு. அதற்கு அடுத்தது வால் அல்லது சுழலியின் உயரம். சில வானூர்திகளின் அளவுகள் வருமாறு:

- டைகர் மாத்: இறக்கை வீச்சு 8.94 மீ., நீளம் 7.29 மீ., உயரம் 2.68 மீ.
- புஷ்பக்: இறக்கை வீச்சு 10.97 மீ., நீளம் 6.40 மீ., உயரம் 2.77 மீ.
- பைப்பர் ஜே-3 கப்: இறக்கை வீச்சு 10.74 மீ., நீளம் 6.83 மீ., உயரம் 2.03 மீ.
- செஸ்னா 172: இறக்கை வீச்சு 11.0 மீ., நீளம் 8.28 மீ., உயரம் 2.72 மீ.

இறக்கையின் இரு முனைகளிலும் குறைந்தது ஒரு மீட்டர் இடைவெளி விடுவது நல்லது. இதன்படி டைகர் மாத்துக்கு 11 மீட்டரும் புஷ்பக்குக்கு 13 மீட்டரும் அகலமான கதவு வாயில் தேவை. உயரம் 3.5 மீட்டர் போதுமானது. ஆழத்தைப் பொறுத்தவரை, வானூர்தியின் நீளத்துடன் சுற்றி நடக்கவும் வேலை மேசை போடவும் மூன்று நான்கு மீட்டர் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆகவே 15 மீட்டர் அகலமும் 12 மீட்டர் ஆழமும் கொண்ட கொட்டகை மேற்கூறிய நான்கில் எதற்கும் பொருந்தும்.

வகைகள்

செவ்வகக் கொட்டகை: மிகப் பரவலானது. ஒரு பக்கம் முழுவதும் கதவாக அமையும். பழுதுபார்க்க இடம் கிடைக்கும்.

டி வடிவக் கொட்டகை: வானூர்தி மேலிருந்து பார்க்கும்போது இறக்கைப் பகுதியில் அகலமாகவும் வால் பகுதியில் குறுகியும் இருக்கும். அவ்வடிவத்துக்கே அறையை அமைத்து, அறைகளை முன்னும் பின்னுமாக மாறி மாறி அடுக்கினால் ஒரே கூரையின் கீழ் பல வானூர்திகளை நிறுத்தலாம். பறப்புக் கழகங்களுக்கு இது சிக்கனமானது.

வளைவுக் கொட்டகை: வளைந்த தகடுகளே சுவரும் கூரையுமாக அமைவது. விரைவில் நிறுத்தலாம், பிரித்து எடுத்துச் செல்லவும் முடியும். போர்க்காலத்தில் பெருமளவில் பயன்பட்டது.

நிழற்கூரை: சுவரின்றிக் கூரை மட்டும் உடையது. வெயிலைத் தடுக்கும், காற்றைத் தடுக்காது. இதன் கீழ் நிற்கும் வானூர்தியையும் தரையோடு கயிறு போட்டுக் கட்ட வேண்டும்.

காற்றுச் சுமை

சிறு வானூர்தியின் எடை ஒரு டன்னுக்கும் குறைவு. கொட்டகை அதனைச் சுமப்பதும் இல்லை. எனவே கட்டிடத்தை வடிவமைப்பதில் முதன்மையான சுமை காற்றே. அதிலும் கூரையை மேல்நோக்கித் தூக்கும் விசையே பலராலும் கவனிக்கப்படாமல் விடப்படுகிறது.

இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி காற்றுச் சுமையைக் கணிக்கும் முறையைத் தருகிறது. அதில் சென்னைக்கு வினாடிக்கு 50 மீட்டரும், திருச்சிராப்பள்ளிக்கு 47 மீட்டரும், கோயம்புத்தூர், மதுரை ஆகியவற்றுக்கு 39 மீட்டரும் அடிப்படைக் காற்று வேகமாகக் கொள்ளப்பட்டுள்ளன. காற்றழுத்தம் என்பது வேகத்தின் இருமடியை 0.6 ஆல் பெருக்கக் கிடைப்பது. வேகம் வினாடிக்கு 39 மீட்டர் எனில் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 910 நியூட்டன்.

தாழ்ந்த சரிவுடைய கூரையின் மேல் காற்று செல்லும்போது உறிஞ்சல் உண்டாகிறது. அதன் கெழுவை 0.8 எனக் கொள்வோம். கதவு திறந்திருக்கும்போது காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்தும் தள்ளுகிறது. பெரிய திறப்புள்ள கட்டிடத்துக்கு இந்த உள்ளழுத்தக் கெழு 0.7. இரண்டும் சேர்ந்து 1.5 ஆகிறது. 15 மீட்டருக்கு 12 மீட்டர் கூரையின் பரப்பு 180 சதுர மீட்டர். ஆக மொத்தத் தூக்குவிசை 910 × 1.5 × 180 = ஏறத்தாழ 2,46,000 நியூட்டன்; அதாவது 25 டன் எடைக்குச் சமம்.

தகடும் இரும்புச் சட்டங்களும் சேர்ந்த கூரையின் எடை சதுர மீட்டருக்கு 20 கிலோகிராம் எனக் கொண்டால் மொத்தம் 3.6 டன்னே. எஞ்சிய 21 டன்னுக்கும் மேற்பட்ட விசையை அடித்தளம்தான் கீழே பிடித்து வைக்க வேண்டும். பத்துத் தூண்கள் இருப்பின் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 2.1 டன் வரும். ஒரு கன மீட்டர் கற்காரையின் எடை ஏறத்தாழ 2.4 டன். எனவே ஒவ்வொரு தூணின் அடியிலும் ஏறத்தாழ 0.9 கன மீட்டர் கற்காரையோ அதற்கு ஈடான மண்ணின் எடையோ இருக்க வேண்டும். காப்புக் காரணி சேர்த்தால் இது மேலும் கூடும்.

கதவை அடைத்துவிட்டால் உள்ளழுத்தக் கெழு 0.2 ஆகக் குறையும். தூக்குவிசையும் 25 டன்னிலிருந்து 17 டன்னாகக் குறையும். புயல் வரும்போது கதவை அடைப்பது வானூர்தியை மட்டுமன்றிக் கூரையையும் காக்கிறது என்பதை இக்கணக்குக் காட்டுகிறது. இது விளக்கத்துக்கான எளிய கணக்கே. உண்மையான கட்டுமானத்துக்கு நிலத்தின் அமைப்பு, கட்டிட உயரம், கூரை விளிம்புகளில் கூடும் உறிஞ்சல் ஆகியவற்றையும் கட்டமைப்புப் பொறியாளர் கணக்கில் கொள்வார்.

அடித்தளமும் தரையும்

செம்மண் நிலத்தில் கட்டுவது எளிது. கரிசல் மண் ஈரத்தில் பருத்து வெயிலில் சுருங்கி வெடிப்பது. அத்தகைய இடத்தில் அடித்தளத்தை அம்மண்ணுக்குக் கீழே உள்ள உறுதியான படிவம் வரை இறக்காவிடில் கதவின் தண்டவாளம் கோணிவிடும். சிறு வானூர்திக்கு 100 முதல் 150 மில்லிமீட்டர் கனமுள்ள கற்காரைத் தரை போதும். தரையின் அடியில் கனத்த பாலித்தீன் தாள் விரித்தால் நிலத்தின் ஈரம் மேலே ஏறாது. கட்டுமானத்துக்கு முன்பே மண்ணில் கரையான் தடுப்பு மருந்து இடுதல் வேண்டும். தரையை வாயில் நோக்கி நூற்றுக்கு ஒரு பங்கு சரித்து, வாயிலுக்கு வெளியே குறுக்கு வடிகால் அமைப்பது வழக்கம்.

பழைய டைகர் மாத்தில் வால்சக்கரத்துக்குப் பதிலாக வால்சறுக்கி உண்டு. புல் தரையில் அது தடையாகப் பயன்பட்டது. கற்காரையில் இழுத்தால் தேய்ந்துவிடும். ஆகவே வாலைத் தூக்கி வைத்துத் தள்ளச் சிறு சக்கரவண்டி ஒன்று தேவைப்படுகிறது. உள்ளேயும் வானூர்தியைக் கட்டி வைக்கத் தரையில் இரும்பு வளையங்களைப் பதிப்பது நன்று.

கதவு

பதினொன்று முதல் பதின்மூன்று மீட்டர் வரை நடுவில் தூண் இல்லாத திறப்பே இக்கட்டிடத்தின் கடினமான பகுதி. வாயிலின் மேல் டிரஸ் எனப்படும் முக்கோணச் சட்டகத்தை இரு ஓரத் தூண்கள் தாங்கும்.

நகரும் கதவில் பல பலகைகள் கீழ்த் தண்டவாளத்தின் மேல் சக்கரங்களில் ஓடும். எடை தரையில் இறங்குவதால் மேற்சட்டகம் இலேசாக இருக்கலாம். ஊர்ப் பட்டறையிலேயே செய்யக் கூடியது. திறந்த பலகைகள் ஒதுங்க இருபுறமும் இடம் வேண்டும். தண்டவாளக் குழியில் மண் சேராமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

மடிந்து உயரும் கதவு கிடைமட்டமாக இரண்டாக மடிந்து மேலே செல்லும். பக்கத்தில் இடம் தேவையில்லை. ஆனால் கதவின் முழு எடையும் மேற்சட்டகத்தில் தொங்கும். அதற்கேற்ப அது வலுவாக இருக்க வேண்டும்.

திரைக் கதவு தார்ப்பாய் அல்லது கித்தான் கொண்டது. மலிவானது, தூசியையும் சாரலையும் தடுக்கும். பலத்த காற்றுக்கு நிற்காது.

கூரையும் காற்றோட்டமும்

ஒற்றைத் தகடு மட்டும் உள்ள கூரை கோடையில் அடுப்புப் போலக் காயும். வெளிர் நிறப் பூச்சு, தகட்டின் அடியில் வெப்பத்தடுப்பு விரிப்பு, கூரை முகட்டில் வெப்பக்காற்று வெளியேறும் திறப்பு, சுவரின் அடிப்பகுதியில் காற்று நுழையும் துளைகள் ஆகிய நான்கும் சேர்ந்தால் உள்ளே வெப்பம் தணியும். திறப்புகள் அனைத்திலும் பறவையும் எலியும் புகாத கம்பிவலை அடிக்கப்படும். மரத்துக்கும் பசைக்கும் வறட்சியும் ஈரமும் மாறி மாறி வருவதே கெடுதல். ஆகவே காற்றின் ஈரப்பதம் பெரிதும் ஏறி இறங்காமல் இருப்பதே நோக்கம்.

தீப் பாதுகாப்பு

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து தாழ்வான இடத்தில் தேங்கும். எனவே மின் இணைப்புகளையும் பொத்தான்களையும் தரையிலிருந்து 45 செ.மீ.க்கு மேலே அமைக்கும் வழக்கம் உள்ளது. எரிபொருள் நிரப்பும்போது வானூர்தியின் உலோக உடலை நிலத்தோடு கம்பியால் இணைத்து நிலைமின்னைப் போக்க வேண்டும். இவ்வேலையைக் கொட்டகைக்கு வெளியே செய்வதே முறை. செல்லுலோசு நைட்ரேட் கலந்த டோப் மெருகு மிக எளிதில் தீப்பற்றும். அதனைத் தனி அறையில் வைத்தல் நன்று. உலர்தூள் தீயணைப்பானும் மணல் வாளிகளும் வாயிலருகே இருக்க வேண்டும். வெல்டிங் வேலை நடக்கும் இடம் தனியே இருத்தல் கட்டாயம்.

சேலம் - நாமக்கல் சமவெளி

சேர்வராயன் மலை, கொல்லி மலை ஆகியவற்றுக்கும் காவிரி ஆற்றுக்கும் இடைப்பட்ட இச்சமவெளி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 200 முதல் 300 மீட்டர் உயரத்தில் உள்ளது. நாமக்கல் 1997 ஆம் ஆண்டில் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகியது.

வானூர்தி நிலையம்

சேலம் வானூர்தி நிலையம் ஓமலூர் வட்டம் காமலாபுரத்தில் உள்ளது. இது 1993 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இதன் ஓடுபாதை 1,806 மீட்டர் நீளமுடையது. பயணிகள் சேவை பலமுறை நின்று, 2018 ஆம் ஆண்டில் உடான் திட்டத்தின் கீழ் மீண்டும் தொடங்கி, இடையில் தடைப்பட்டு, 2023 அக்டோபரில் மறுபடியும் தொடங்கியது. 2022 ஆம் ஆண்டில் இந்திய வானூர்தி நிலையங்கள் ஆணையம் பறப்புப் பயிற்சி நிறுவனங்களுக்கு இடம் வழங்கிய ஐந்து நிலையங்களுள் சேலமும் ஒன்று. பாவ்நகர், ஹூப்ளி, கடப்பா, கிஷன்கர் என்பன ஏனையவை.

தட்பவெப்பம்

கடலிலிருந்து தொலைவில் இருப்பதால் உப்புக்காற்று இங்கே இல்லை. சென்னையோடு ஒப்பிட்டால் உலோக அரிப்பைப் பொறுத்தவரை இது பெரிய நன்மை. மறுபுறம், கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியசை எட்டும். சித்திரை, வைகாசியில் பிற்பகல் இடிமழைக்கு முன் சூறைக்காற்று வீசி வாழைத் தோட்டங்களைச் சாய்ப்பதும் கொட்டகைத் தகடுகளைப் பறக்கவிடுவதும் உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேல்காற்று கொங்குச் சமவெளியில் நாள் முழுவதும் வீசும். 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்னும் பழமொழியைக் கூரை போடுவோர் நினைவில் கொள்வது நல்லது. இங்கே கட்டும் கொட்டகைக்கு வாயில் கிழக்கிலோ வடக்கிலோ அமைவது ஏற்றது. மேற்கில் வாயில் வைத்தால் மாலை வெயிலும் ஆடிக் காற்றும் நேராக உள்ளே வரும்.

கோழிக் கொட்டகையோடு ஒப்பீடு

நாமக்கல் முட்டை உற்பத்திக்குப் பெயர் பெற்றது. நீண்ட தகரக் கூரைக் கொட்டகை கட்டும் தச்சர்களும் வெல்டிங் தொழிலாளர்களும் இங்கே ஏராளம். எனினும் கோழிக் கொட்டகையின் வடிவத்தை அப்படியே வானூர்திக்குப் பயன்படுத்த முடியாது. கோழிக் கொட்டகை கிழக்கு மேற்காக நீண்டு, அகலம் குறைந்து, இருபுறமும் கம்பிவலையுடன் திறந்திருக்கும். காற்று உள்ளே புகுந்து மறுபக்கம் வெளியேறிவிடும். வரிசையாகத் தூண்கள் இருப்பதும் அதற்குத் தடையில்லை. வானூர்திக் கொட்டகையிலோ ஒரு பக்கம் தூணின்றித் திறந்து, மற்ற மூன்று பக்கங்களும் மூடியிருக்கும். உள்ளே புகுந்த காற்றுக்குக் கூரையைத் தூக்குவதைத் தவிர வேறு வழியில்லை. கோழிக் கொட்டகைக்குப் போதுமான அடித்தளமும் பிணைப்பும் இதற்குப் போதா என்பது இதனால் விளங்கும்.

இடத் தேர்விலும் கோழிப்பண்ணையின் அண்மை கருதத்தக்கது. கோழி எருவிலிருந்து எழும் அம்மோனியா, செம்பு கலந்த உலோகங்களைத் தாக்கும். இழுவிசையில் உள்ள பித்தளை உறுப்புகளில் வெடிப்பை உண்டாக்கும். பழைய வானூர்திகளின் எரிபொருள் குழாய் இணைப்புகள் பல பித்தளையால் ஆனவை. தீவனத்தை நாடி எலியும் பறவையும் வரும். ஆகவே பண்ணைக்குக் காற்று வரும் திசையில், போதிய தொலைவில் இடம் தேர்வது நல்லது.

தொழில் வளம்

நாமக்கல்லின் சரக்குந்துக் கூண்டு கட்டும் பட்டறைகளும், திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிப் பட்டறைகளும் இரும்புச் சட்டம் பிணைப்பதில் தேர்ந்தவை. மரமும் இரும்பும் சேர்த்துக் கூண்டு கட்டும் திறன், கதவுப் பலகைக்கும் வால்வண்டிக்கும் நேரடியாகப் பயன்படும். சங்ககிரியில் சிமெந்து ஆலை உள்ளது. சேலம் உருக்காலை 1981 ஆம் ஆண்டு முதல் துருப்பிடிக்காத உருக்குத் தகடு உற்பத்தி செய்கிறது. கட்டிடம் கட்டும் திறன் இங்கே இருந்தாலும் வானூர்தியின் உறுப்புகளைப் பழுதுபார்க்க அத்திறன் மட்டும் போதாது. அவ்வேலைக்கு உரிமம் பெற்ற வானூர்திப் பராமரிப்புப் பொறியாளரின் சான்று தேவை.

வீட்டில் வைத்தல்

ஓடுபாதை இல்லாத ஊரிலும் வீட்டுக் கொட்டகை பயனுடையதே. புதுப்பிக்கும் பணி பல ஆண்டுகள் நீடிக்கக் கூடியது. அக்காலத்தில் வானூர்தி பறப்பதில்லை. இறக்கைகளைக் கழற்றிவிட்டால் உடற்பகுதியைச் சரக்குந்தில் ஏற்றிச் செல்லலாம். மும்பையில் அமோல் யாதவ் என்னும் வானோடி தம் குடியிருப்பின் மொட்டைமாடியிலேயே ஆறு இருக்கை வானூர்தி ஒன்றைக் கட்டினார். அது கீழே இறக்கப்பட்டு 2016 ஆம் ஆண்டில் 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் வைக்கப்பட்டது.

இறக்கை கழற்றிய டைகர் மாத்துக்கு 11 மீட்டர் வாயில் தேவையில்லை. நான்கு மீட்டர் வாயில் போதும். இறக்கைகளைத் தரையில் படுக்க வைக்காமல், முன்விளிம்பு கீழாக, துணி சுற்றிய தாங்கிகளில் நிறுத்தி வைப்பர். இதனால் செலவு பெரிதும் குறைகிறது. மீண்டும் இறக்கை பூட்டியபின் கம்பிகளின் இழுவையும் இறக்கைக் கோணங்களும் சரிபார்க்கப்பட்டுச் சான்று பெற்ற பிறகே வானூர்தி பறக்கலாம்.

சட்ட நிலை

இந்தியாவில் வானூர்தி தொடர்பான பதிவு, தகுதிச் சான்று ஆகியவற்றைக் குடிசார் வானூர்திப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் வழங்குகிறது. 1934 ஆம் ஆண்டின் வானூர்திச் சட்டத்துக்கு மாற்றாகப் பாரதீய வாயுயான் அதினியம், 2024 என்னும் சட்டம் 2025 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கொட்டகை ஒரு கட்டிடம் என்பதால் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள், 2019 இன்படி உள்ளாட்சி அமைப்பின் அனுமதி தேவை. வானூர்தி நிலையத்துக்கு அருகில் கட்டினால் 2015 ஆம் ஆண்டின் உயரக் கட்டுப்பாட்டு விதிகள் பொருந்தும்.

கொட்டகை கட்ட அனுமதி கிடைப்பதால் அங்கிருந்து பறக்க அனுமதி கிடைத்ததாகாது. தனியார் ஓடுபாதைக்குத் தனி அனுமதிகள் வேண்டும். எரிபொருளைச் சேமிப்பது பெட்ரோலியச் சட்டம், 1934, பெட்ரோலிய விதிகள், 2002 ஆகியவற்றுக்கு உட்பட்டது. பழைய வானூர்திகளுக்கு உரிய ஏவ்கேஸ் எரிபொருள் நெடுங்காலம் இறக்குமதி செய்யப்பட்டு வந்தது. இந்தியன் ஆயில் நிறுவனம் 2022 ஆம் ஆண்டில் வடோதரா ஆலையில் அதன் உற்பத்தியைத் தொடங்கியது.

இவற்றையும் பார்க்க

- வானூர்தி
- ரைட் சகோதரர்கள்
- சேலம் வானூர்தி நிலையம்
- நாமக்கல் மாவட்டம்
- காற்றுச் சுமை
- கூரை